நாலு மணிக்கு எங்கள் வீடு

காரைக்குடியில் வேன் வாடகைக்கு விடுகிற ஒருவரிடம் நான் கைடாகச் சேர்ந்தது தொண்ணூறுகளின் நடுவில். பி.ஏ. ஆங்கிலம் முடித்து ஒரு வருஷம் சும்மா இருந்தவன். அப்பா ஆத்தங்குடியில் தரைக்கல் பட்டறையில் வண்ணம் ஊற்றுகிறவர். அம்மா பெரிய வீட்டுக் கல்யாணங்களுக்குப் பலகாரம் சுடப் போவாள். இரண்டு பேருக்கும் கையெழுத்துப் போட வராது. நான் வேனுக்குள் நின்றபடி வெள்ளைக்காரர்களிடம் ஆங்கிலத்தில் பேசுகிறேன் என்பது எங்கள் தெருவில் கொஞ்ச நாள் பெரிய பேச்சாக இருந்தது.

அதுவரை நாங்கள் காட்டியதெல்லாம் பிள்ளையார்பட்டிக் கோயிலும் தேக்குத் தூண் வைத்த வீடுகளும்தான். வருகிறவர்கள் தூணைப் படம் எடுப்பார்கள், கழுத்து வலிக்க விதானத்தைப் பார்ப்பார்கள், மத்தியானத்துக்குள் அலுத்துப் போவார்கள். சாப்பாட்டைக் காட்டலாம் என்று சொன்னவன் நான். பதநீர் இறக்குகிற இடம், எண்ணெய் ஆட்டுகிற செக்கு, பலகாரம் சுடுகிற வீடு என்று ஒரு நாள் முழுக்கக் கூட்டிப் போவோம், செய்கிறவர்கள் கையாலேயே வாங்கிச் சாப்பிடட்டும் என்றேன். முதலாளி மேஜையைத் தட்டினார். "எழுதிக் குடுடா தம்பி, டைப் அடிச்சுருவோம்." அவரை நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். முதலாளி என்று கூப்பிட அவர் விட்டதில்லை.

எழுதிக் கொடுத்த தாளில் கடைசி வரி: நாலு மணி, பலகாரம் செய்பவர் வீடு. அது எங்கள் வீடு. மறைத்து எழுதவில்லை, அவரிடம் சொல்லித்தான் எழுதினேன். மறு வாரமே வீட்டுக்கு வந்து பாயில் உட்கார்ந்து அம்மா சுட்ட சீப்புச் சீடையைக் கை நிறைய அள்ளித் தின்றார். "இதத் திங்கத்தான் அவுக ப்ளேன் ஏறி வரணும்" என்றார். அம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

சீப்புச் சீடைக்கு அரிசி மாவும் உளுந்து மாவும் தேங்காய்ப் பால் விட்டுப் பிசைய வேண்டும். பலகாரத்துக்கென்றே வாங்கி வைத்த சீப்பின் பல்மேல் ஒரு கிள்ளு மாவை வைத்துக் கட்டைவிரலால் அழுத்திச் சுருட்டி எடுத்தால் முதுகில் வரி வரியாக விழும். பிறகு எண்ணெய். கல்யாணத்துக்கு நாலைந்து பேர் உட்கார்ந்து செய்கிற வேலையை அம்மா ஒருத்தியாகவே செய்து முடித்துவிடுவாள்.

அந்த டூருக்கு முந்தின பத்து நாளும் எங்கள் வீட்டில் கல்யாணக் களைதான். நானும் அப்பாவும் சேர்ந்து சுண்ணாம்பு அடித்தோம். பட்டறையில் வண்ணம் கலைந்து ஒதுக்கிப் போட்ட கற்களை அப்பா கேட்டு வாங்கிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து, அவர்கள் உட்காரப் போகிற இடத்துக்கு மட்டும் பதித்தார். ஒரு கல்லில் பூ சிவப்பு, அடுத்ததில் பச்சை, ஒன்றும் ஒன்றோடு சேரவில்லை. "சேராட்டியும் வழுவழுன்னு இருக்குல்ல" என்றார். இத்தனை வருஷம் ஊரார் வீட்டுக்கெல்லாம் கல் ஊற்றியவர், எங்கள் வீட்டில் பதித்தது அன்றுதான்.

அம்மாவுக்கு ஒரே கவலை, என்ன பேசுவது என்று. "வணக்கம்னா போதுமா, வேற எதுவும் சொல்லணுமா?" வெல்கம் சொல்லிக் கொடுத்தேன். அடுப்படியில் வெல்க்கம், வெல்க்கம் என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். "என்ன, யாருகிட்டயோ வெளக்கம் கேக்குறவளாட்டம்" என்று அப்பா கிண்டல் செய்வார். "நீங்க சும்மா இருங்க, ஒங்களுக்கு அதுகூட வாராது" என்பாள்.

முந்தின நாள் சாயந்தரம் டைப் அடித்த தாள்களை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா சொல்லிப் பார்க்கவில்லை. கூச்சம் வந்துவிட்டது என்று நினைத்தேன். "எங்க, ஒரு தடவ சொல்லும்மா" என்றேன். என்னைப் பார்க்காமல், மாவைச் சலித்தபடியே, "வெல்கம்" என்றாள். முதல் தடவையாகச் சரியாகச் சொன்னாள். நான் கைதட்டினேன்.

விடிந்ததும் முதல் பஸ்ஸில் காரைக்குடி போனேன். எட்டுப் பேர், எல்லாரும் பிரான்சு தேசத்துக்காரர்கள், நாலு பெண்கள். அதில் ஒரு அம்மாவுக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். தன் ஊரில் முப்பது வருஷம் ரொட்டிக்கடை வைத்திருந்தவர். மற்றவர்கள் கேமராவை எடுப்பதற்குள் அவர் கையை நீட்டிவிடுவார். பனங்காட்டில் மரமேறுகிறவர் இறக்கிக் கொடுத்த பதநீரை ஓலைப் பட்டையில் வாங்கி முதல் ஆளாகக் குடித்தார். மரமேறுகிறவர் என் காதோரம் வந்து, "தம்பி, இது சுண்ணாம்பு தடவுன பானை. தடவாத கள்ளுப் பானையும் ஒண்ணு மேல கெடக்கு. கேட்டாகன்னா சொல்லு, ஆனா போலீசுகிட்ட நீ என்னயப் பாத்ததே இல்ல" என்றார். இதை எப்படி மொழிபெயர்ப்பது என்று தெரியாமல் சிரித்தேன். அவர்களும் சிரித்தார்கள். செக்கில் அந்த ரொட்டிக்கடை அம்மா எண்ணெயை விட்டுவிட்டு எள்ளுப் பிண்ணாக்கைக் கிள்ளி வாயில் போட்டார். செக்காட்டுகிறவர், "அது மாட்டுக்குள்ளதும்மா" என்று பதறியதைச் சொன்னேன். மாட்டுக்கு நல்ல சாப்பாடு போடுகிறீர்கள் என்றார் அவர்.

எல்லாம் நான் நினைத்ததைவிட நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மைக்கில் சொன்னேன்: அடுத்து போகப் போவது என் வீட்டுக்கு, நீங்கள் பார்க்கப் போவது என் தாயை. எட்டுப் பேரும் கைதட்டினார்கள். டிரைவர் மட்டும் கண்ணாடியில் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

ஆத்தங்குடியில் எங்கள் தெரு பிரிகிற இடத்தில் வேன் வேகம் குறையவில்லை.

"அண்ணே, இங்குட்டுத் திருப்பணும்."

"பெரிய வீட்டுக்குப் போகச் சொல்லியிருக்காக."

"யாரு சொன்னது? அங்க எதுக்கு?"

"எனக்கென்னப்பா தெரியும். நான் ஸ்டீரிங்கப் பிடிச்சுப் பொழைக்கிறவன். நீ வாய வச்சுப் பொழைக்கிறவன், நீயே கேளு."

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். எங்கள் வீட்டுச் சுவரின் புதுச் சுண்ணாம்பு வேப்ப மரத்துக்குப் பின்னால் ஒரு நொடி தெரிந்து மறைந்தது. வாசலில் அம்மா நிற்கிறாளா என்று பார்க்க முடியவில்லை.

பெரிய வீடு எங்கள் தெருவிலிருந்து கூப்பிடு தூரம். வீட்டுக்காரர்கள் மலேசியாவில் இருந்தார்கள். காவலுக்கு இருந்த குடும்பத்தை எங்களுக்குத் தெரியும். வாசலில் முதலாளி சந்தனக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தார். இறங்கினதும் அவர் கையைப் பிடித்தேன்.

"அண்ணே, அம்மா காத்துக்கிட்டு இருப்பாக. அவுககிட்ட எங்க வீடுன்னு சொல்லிட்டேன்."

"அதெல்லாம் சொல்லியாச்சு. இதுவும் ஒன் வீடுதான்னு நெனச்சுக்க. உள்ள வா, அவுக கேக்குறதச் சொல்லு."

யாரிடம் சொல்லியாயிற்று என்று கேட்பதற்குள் அவர் அவர்களைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். முற்றத்தில் காவல்காரர் மனைவி உட்கார்ந்திருந்தார். கண்டாங்கிச் சேலை, காதில் பெரிய தோடு, நெற்றியில் பட்டையாக விபூதி. நான் அத்தை என்று கூப்பிடுகிறவர். முதலாளி அவரைக் காட்டி, "இந்த வீட்டு ஆச்சி. தலமொற தலமொறயா இவுக கைப் பலகாரம்னு சொல்லு" என்றார். எட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள். உன் அம்மாவா என்று ஒருவர் கேட்டார். திட்டம் மாறிவிட்டது, இவர் இந்த வீட்டு ஆச்சி என்றேன். இவ்வளவு சுலபமாக வாயில் வந்துவிட்டதே என்று எனக்கே இருந்தது.

தட்டு வந்தது. வாழையிலை விரித்து, மேலே குவியலாகச் சீப்புச் சீடை. ஒன்றை எடுத்தேன். முதுகு வரிகளில் ஒரு இடம் மட்டும் அகலமாக, வரி விழாமல் இருந்தது. அம்மாவின் சீப்பில் ஒரு பல் முறிந்து ரொம்ப நாளாயிற்று. புதுசு வாங்கித் தருகிறேன் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன், கை பழகிவிட்டது என்று அவள் மாற்றவே இல்லை.

"அத்தே, இது எங்கம்மா சுட்டது" என்றேன். முகத்தில் சிரிப்பை விடவில்லை. பார்க்கிறவர்களுக்கு நான் பலகாரத்தைப் பற்றி விசாரிப்பதுபோல் இருந்திருக்கும்.

"ஆமா. காலையில டின்னோட ஒங்கம்மாதான் கொண்டாந்து குடுத்துட்டுப் போனாக. ஒனக்குத் தெரியாதா?" அத்தையும் சிரித்த முகமாகவே சொன்னார். "முந்தாநாளே ஒம் மொதலாளி வந்து ஒங்கம்மாகிட்டயும் எங்கிட்டயும் பேசிட்டாருல்ல. என்னய ஏன்டா தம்பி இப்படி ஒக்கார வச்சீக? தோடு ஒரு பக்கம் இழுக்குது. எனக்குச் சேவு புழியத்தான் தெரியும். எதாவது கேட்டா நீயே சொல்லிரு, என்னயக் காட்டிக் குடுத்துராத."

அவர் என்ன சொல்கிறார் என்று ஒருவர் கேட்டார். வீட்டுக்கு வந்தவர்களைப் பார்த்ததில் சந்தோஷம் என்கிறார் என்றேன்.

எப்போது கற்றுக்கொண்டார், யார் சொல்லிக் கொடுத்தது, ஒரு கல்யாணத்துக்கு எவ்வளவு சுடுவார் என்று கேள்விகள் வந்தன. அத்தை என்னைப் பார்த்து ஏதோ முணுமுணுப்பார். நான் என் அம்மாவைப் பற்றிச் சொல்வேன். பன்னிரண்டு வயதில் பெரியம்மாவோடு கல்யாண வீட்டுக்குப் போனது, முதல் நாளே எண்ணெய் தெறித்து அழுதது, எல்லாவற்றையும் எடுத்து அத்தைக்குக் கொடுத்தேன். முதலாளி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். நன்றாகச் சொன்னேன் போலிருக்கிறது.

ரொட்டிக்கடை அம்மா மட்டும் எதுவும் கேட்கவில்லை. ஒரு சீடையை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எழுந்து போய் அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்து தன் சட்டைக் கையைச் சுருட்டினார். முழங்கைவரை சூட்டுத் தழும்புகள், அடுப்புக் கம்பி பட்டுப் பட்டு வரிவரியாக இருந்தன. அதைக் காட்டிச் சிரித்துக்கொண்டே அத்தையின் கையைத் தூக்கிப் பார்த்தார். மழமழவென்று இருந்தது. எண்ணெய்ப் பொட்டு ஒன்றுகூட இல்லை. கையை மெதுவாக மடியிலேயே வைத்துவிட்டு என்னிடம் வந்தார். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார்: "இதைச் செய்தது யார்? நான் அவரைப் பார்க்கலாமா?"

முதலாளி நாலு அடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். எங்கள் வீடு கூப்பிடு தூரத்தில் இருந்தது. கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போயிருந்தால் ஐந்து நிமிஷம். ஆனால் டின்னைக் கொண்டுவந்து கொடுத்தவளே அம்மா என்பதுதான் எனக்குள் நின்றுகொண்டிருந்தது. முந்தின நாள் சாயந்தரம் வெல்கம் சொன்னபோது அவளுக்குத் தெரியும். நான் கைதட்டியபோதும் தெரியும்.

"இவர்தான்" என்றேன். அந்த அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சரி என்று தலையசைத்துவிட்டு, கையிலிருந்த சீடையைக் கைக்குட்டையில் முடிந்து பைக்குள் வைத்துக்கொண்டார்.

வேனை அனுப்பிவிட்டு வீட்டுக்கு நடந்தேன். அப்பா பட்டறையிலிருந்து வந்திருக்கவில்லை. அம்மா கொல்லையில் எண்ணெய்ச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டியாய்யா? காப்பித்தண்ணி போடவா?"

"ஏம்மா சொல்லல?"

சட்டியைத் திருப்பி வைத்தாள். "அவரு வந்து சொன்னாருப்பா. நாலு பொம்பளைக வாராக, அவசரம்னா கொல்லைக்கா போகச் சொல்றதுன்னாரு. நம்ம வீட்டுல கக்கூஸு இல்லியே. எனக்கு மூஞ்சிய எங்குட்டு வச்சுக்கிறதுன்னு தெரியல."

"அத எங்கிட்டச் சொல்லியிருந்தா?"

"சொன்னா நீ அவருகிட்டச் சண்டைக்குப் போயிருவ. வேல போயிரும். தம்பிகிட்டச் சொல்லாதீகன்னு அவருந்தான் சொன்னாரு."

"அவரு சொன்னா? நான் ஒனக்கு யாரு?"

"யாருன்னா? ஒனக்காகத்தானடா" என்றாள். குரல் உடைந்தது. நான் சமாதானம் சொல்லவில்லை. உள்ளே போய் அப்பா பதித்த கல்லின்மேல் படுத்துக்கொண்டேன். முதலாளிமேல் எனக்கு வந்த கோபம் அன்றைக்கே பாதி போய்விட்டது. அவர் வியாபாரி. அம்மாமேல் வந்தது அப்படிப் போகவில்லை. கூடவே, இவர்தான் என்று சொன்ன என் வாயும் உறுத்திக்கொண்டிருந்தது. வேலையையும் நான் விடவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து ஈரக் கையோடு வந்து நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நல்லாருந்துச்சுன்னாகளா?"

"ம்."

"எல்லாம் தீந்துச்சா?"

"தீந்துச்சு."

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "யாராச்சும், இதச் சுட்டது யாருன்னு கேட்டாகளா?"

கல் முதுகில் சில்லென்று இருந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன்.

"ஒருத்தரும் கேக்கல" என்றேன்.

"கேக்க மாட்டாக" என்று சொல்லிவிட்டு, சட்டியைக் கவிழ்த்து வைக்கப் போனாள்.