முப்பத்தொன்றில் இடிந்த பாலம்

கிளெனிஸ் எந்தக் கல்லைக் கையில் எடுத்தாலும் முதலில் நாக்கில் வைத்துப் பார்ப்பாள். களிமண் கல் என்றால் நாக்கில் ஒட்டும், வண்டல் கல் என்றால் பல்லில் நறநறக்கும். வருஷக்கணக்காக இதைப் பார்த்துச் சலித்த கெல்லட் முனை ஊர்க்காரர்கள் அவளுக்கு ‘நக்கி’ என்று பெயர் வைத்து, முகத்துக்கு நேராகவே கூப்பிட்டார்கள்.

சுண்ணாம்புக்கல் உடைத்தவரின் மகள். பதினைந்து வயதில் பள்ளியை விட்டு மீன் தொழிற்சாலைக்குப் போனவள். பாறையைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஊர் நூலகத்தில் படித்தது. படிக்காதவள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று, சொல்லும் தேதி ஒவ்வொன்றையும் மூன்று முறை சரிபார்ப்பாள்.

ஊரின் சுற்றுலா வழிகாட்டி அவள்தான். தினமும் காலை பத்து மணிக்குச் செங்குத்துக் கரையின் உச்சியில் பயணிகளை நிறுத்தி, கடலுக்குள் நிற்கும் மூன்று பாறைத் தூண்களைக் காட்டுவாள். இரண்டு கோடி வருஷத்துக்கு முன் இது கடலடி. சிப்பியும் கடல்முள்ளியும் படிந்து கல்லானது. அலை குடைந்து குடைந்து மூன்று வளைவுள்ள பாலமானது. 1931 ஜூலைப் புயலில் பாலம் விழுந்து மூன்று கால்கள் மட்டும் மிஞ்சின. இதைச் சொல்லி முடித்ததும் குரலைத் தாழ்த்தி, அங்கே நட்டிருந்த அறிவிப்புப் பலகையில் இருந்த பூர்வகுடிக் கதைக்கு வருவாள். கடலுக்குப் போன தலைவனுக்காக ஆயிரம் வருஷமாகக் காத்து நின்று கல்லான மூன்று மனைவியர். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மெர்வ் ஹாலோரனின் கடைக்குப் போய் ‘மூன்று விதவைகள்’ அச்சிட்ட துண்டு வாங்குவார்கள்.

அவள் வழிகாட்டியான பத்தொன்பதாம் வருஷத்தில் ஒரு நாள் கூட்டத்தின் பின்னால் டல்சி ஆன்ட்டி நின்றார். அந்தக் கரையின் பூர்வகுடி. ஊர் மருத்துவமனையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர்.

“ஏம்மா, பாலம் எப்ப இடிஞ்சதுன்னு சொன்னே?”

“முப்பத்தொண்ணு ஜூலை, ஆன்ட்டி.”

“அதுக்கு முந்தி அங்க மூணு தூண் இருந்துச்சா?”

“இல்ல, ஒரே பாலமாத்தான்...” கிளெனிஸ் தூண்களைத் திரும்பிப் பார்த்தாள்.

“அப்ப ஆயிரம் வருசமா எங்க பாட்டன்மாரு எந்த மூணு பொம்பளைங்களப் பாத்தாங்க? பாலத்துக்கடியில ஒளிஞ்சிருந்தாளுங்களா?”

யாரோ சிரித்தார்கள். கிளெனிஸின் காது சிவந்தது.

“பலகையில போட்டிருக்கே, ஆன்ட்டி.”

“எழுதினது நாங்களா? பாலம் விழுந்தப்ப எங்கம்மாவுக்குப் பத்து வயசு. சத்தம் கேட்டு இங்க ஓடி வந்தவ. அவளுக்கே தெரியாத கதை உனக்கு எப்படித் தெரிஞ்சுது? கல்லை நக்கிப் பாக்கத் தெரியுது, ஆளைக் கேக்கத் தெரியல.”

“தப்புதான்.”

“எந்த வாயால சொன்னியோ அந்த வாயாலயே இல்லைன்னு சொல்லு. இதே இடத்துல நின்னு. எத்தனை தடவை சொன்னியோ அத்தனை தடவை.”

“சொல்றேன், ஆன்ட்டி.”

அன்றே நூலகத்தில் பழைய விளம்பரத் தாள்களைத் தேடினாள். 1958இல் தன் விடுதிக்கு ஆள் சேர்க்க மெர்வுடைய அப்பா எழுதிய கதை அது. மறுநாள் பத்து மணிக்கு அதை அப்படியே சொன்னாள். பயணிகளின் முகம் தொங்கியது. துண்டு விற்கவில்லை.

மெர்வ் வந்தான். வழிகாட்டிகளுக்கு அனுமதி கொடுக்கும் ஊர்ச் சுற்றுலாக் குழுவின் தலைவனும் அவன்தான்.

“கிறுக்குப் பிடிச்சிருச்சா நக்கி? ஜனங்க கல்லைப் பாக்கவா வர்றாங்க? அழ வர்றாங்க.”

“அது பொய், மெர்வ்.”

“எங்கப்பன் எழுதினது. அதனால யாருக்கு என்ன கேடு?”

“டல்சி ஆன்ட்டியக் கேளு.”

“அவகிட்ட நான் எதுக்குக் கேக்கணும்?”

“பத்தொம்பது வருசமா நானும் அப்படித்தான் இருந்தேன்.”

பதினோராம் நாள் அவளுடைய அனுமதி அட்டையைக் குழு பறித்துக்கொண்டது. ரொட்டிக் கடையில் அவள் நிற்கும்போது பேச்சு நின்றது. அவள் காரின் கதவில் யாரோ ஆணியால் கீறினார்கள். விடாமல் வண்டி நிறுத்துமிடத்தில் நின்று பேசிப் பார்த்தாள். கரைப் பக்கமே வரக் கூடாதென்று கடிதம் வந்தது.

மருந்துக் கடை வாசலில் டல்சியைப் பார்த்தாள். “பதினோரு நாள்தான் ஆன்ட்டி சொல்ல முடிஞ்சுது. இனி விட மாட்டாங்க.”

“அது உனக்கும் அவங்களுக்கும் உள்ள சண்டை. எனக்கு வாக்குக் கொடுத்தது நீ.” டல்சி மருந்துப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு வந்த மூன்றாம் குளிர்காலத்தில் நுரையீரலில் சளி கட்டி கிளெனிஸ் இறந்தாள். அடக்கத்துக்கு ஒன்பது பேர் வந்தார்கள். டல்சி வரவில்லை.

புதிதாக வழிகாட்டி யாரையும் குழு வைக்கவில்லை. கரை உச்சியில் ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். பொத்தானை அழுத்தினால், எப்போதோ விளம்பரத்துக்காக ஒலிப்பதிவு செய்துவைத்த கிளெனிஸின் குரல் முப்பத்தொன்றாம் வருஷப் புயலைச் சொல்கிறது. பிறகு தாழ்ந்து, கடலைப் பார்த்து நிற்கும் மூன்று மனைவியரைச் சொல்கிறது. கோடை நாளில் இருநூறு பேராவது அழுத்துகிறார்கள். டல்சி ஆன்ட்டிக்கு அவள் சொல்லித் தீர்க்க வேண்டியது ஏறிக்கொண்டே போகிறது.