படிப்பு லீவு கேட்டு வந்தவர்கள்

எச்.ஆர். என்றால் வேலைக்கு ஆள் எடுப்பவர் என்று ஊர் நினைக்கிறது. எடுத்த ஆட்கள் சொல்லும் காரணங்களுக்கெல்லாம் முகம் மாறாமல் தலையாட்டுபவர் என்பது நமக்குத்தான் தெரியும். அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்ப் உதிரிபாகம் செய்கிற எங்கள் கம்பெனியில், படிக்கும் ஊழியர்களுக்குப் பாதிக் கட்டணமும் லீவும் தருவதென்று முதலாளி ஒருநாள் முடிவெடுத்தார். யார் எதற்குப் படிக்கிறார்கள் என்று விசாரிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. இதே பாவத்தைச் செய்து பிழைக்கும் சகாக்களே, கேளுங்கள்.

பாதி எம்.பி.ஏ.

முதலில் வந்தவன் டிசைன் பிரிவு கார்த்திக். திருநெல்வேலிக்காரன், பட்டாபிராமில் நண்பர்களோடு ஃபிளாட். மாலை நேர எம்.பி.ஏ. சேரப்போவதாகச் சொன்னான். தலைமைப் பண்பு, தொலைநோக்கு என்று அவன் பேசியதில் நானே கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஐந்து மணிக்கே கிளம்ப அனுமதி வாங்கிக் கொடுத்தேன்.

சில மாதம் ஒழுங்காகப் போனான். பிறகு ஒருநாள் ஆறரை மணிக்கும் சீட்டிலேயே இருந்தான். வகுப்பு இல்லையா என்றேன். வெட்கத்தோடு கல்யாணப் பத்திரிகையை நீட்டினான்.

"பொண்ணு வீட்ல எம்.பி.ஏ. மாப்பிள்ளைதான் வேணும்னாங்க மேடம். படிச்சிட்டிருக்கேன்னு சொன்னதுக்கே நிச்சயம் பண்ணிட்டாங்க. இனிமே எதுக்கு வீணா படிச்சிக்கிட்டு?"

போய்விடுவார்கள் என்றவர்

யூசுஃப் பாய் பூந்தமல்லியிலிருந்து வருபவர், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர். பத்தாவது பாஸ் செய்தால் ஸ்டோர்ஸ் பொறுப்பு கிடைக்கும் என்று, நாற்பது தாண்டியபின் பரீட்சைக்குக் கிளம்பினார். ஷிஃப்ட் சூப்பர்வைசர் தனசேகரனுக்கு அது பிடிக்கவில்லை. படித்தவன் வேறு இடம் பார்த்துப் போய்விடுவான் என்பது அவர் கட்சி. கணக்குப் பரீட்சையன்று காலை, லோடு வந்துவிட்டது என்று போன் செய்து, லீவில் இருந்த பாயை வரவழைத்துவிட்டார். மத்தியானம் கேன்டீனில் பாய் சாப்பாட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்ததை இன்னும் மறக்க முடியவில்லை. நான் தனசேகரனிடம் போட்ட சண்டை முதலாளி வரை போனது. ஆனால் போன பரீட்சை திரும்பி வருமா? அடுத்த முறை எழுதித்தான் பாய் பாஸ் செய்தார். ஸ்டோர்ஸும் அவர் கைக்கு வந்தது.

பிறகு, டிகிரி இல்லாதவர் மேனேஜர் ஆக முடியாது என்று கம்பெனியில் விதி வந்தது. தனசேகரன் என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். தொலைதூரக் கல்வியில் சேர்ந்திருக்கிறாராம், சனிக்கிழமை வகுப்பாம். அன்றைக்கு லோடு பார்த்துக்கொள்ள ஆள் பிடித்தால் லீவு தருகிறேன் என்றேன். அந்த வேலை தெரிந்தவர் யூசுஃப் பாய் ஒருவர்தான் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.

இதை விடலாமா? நானும் கூடவே ஸ்டோர்ஸுக்குப் போனேன். தனசேகரன் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். பாய் நிதானமாக டீயைக் குடித்து முடித்தார்.

"படிச்சா போய்டுவாங்கன்னு நீங்கதானே சொல்வீங்க. போய்ட்டு வாங்க சார், நான் பாத்துக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை பி.ஏ.

கேன்டீனில் சமைக்கும் கஸ்தூரியக்கா சேக்காட்டுக்காரர். பேரன் எடுத்த பிறகு பி.ஏ. வரலாறு சேர்ந்தார். ஒரு ஞாயிறு வகுப்பைக்கூட விட்டதில்லை. முதலாளி நெகிழ்ந்துபோய், ஆண்டு விழாவில் அவரை மேடையேற்றி, இந்த வயதில் இப்படியொரு கல்வித் தாகம் எப்படி வந்தது என்று கேட்டு, எல்லோர் காதிலும் விழட்டும் என்று மைக்கை நீட்டினார். அக்கா மைக்கை வாங்கிக்கொண்டார்.

"எங்க ஊட்டுக்காரரு ரிட்டயர்டு சார். ஞாயித்துக்கெழம ஆனா பஜ்ஜி போடு, காபி போடுன்னு உசுர வாங்கினுருந்தாரு. இப்ப அவரு ஊட்ல கீறாரு, நான் கிளாஸ்ல கீறேன், ரெண்டு பேரும் நல்லா கீறோம்."

இத்தனை பேரைப் பார்த்தபின் நான் தெரிந்துகொண்டது, அறிவை வளர்க்கத்தான் படிக்கிறேன் என்று ஒருவர் சொன்னால் அவரை மட்டும் இன்னொரு முறை விசாரிக்க வேண்டும் என்பதுதான்.