மச்சான் கேட்காத கணினி

லௌடோக்கா சர்க்கரை ஆலையின் எடைமேடையில் கரும்பு லாரிகளை ஏற்றி இறக்கும் இசிகேலி, ஐம்பது வயதைத் தாண்டிய இந்த நாள்வரை எவ்வளவோ பேசியிருக்கிறார். சர்ச்சில் வேதபாடம் வாசித்திருக்கிறார். ரக்பி நடுவரை அவருடைய குடும்பத்தாரோடு சேர்த்து ஏசியிருக்கிறார். ஆனால் ‘இல்லை’ என்ற சொல் மட்டும் அவர் வாயிலிருந்து புறப்பட்டு உறவுக்காரர் எவருடைய காதையும் சென்றடைந்ததாகத் தகவல் இல்லை.

இதற்காக அவரைக் குறை சொல்ல முடியாது. ஃபிஜியில் உறவுக்காரன் வந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, ‘கெரேகெரே’ என்று ஒரு பொருளைக் கேட்டுவிட்டால் அது போய்விட்டது என்று அர்த்தம். கேட்பவனுக்கு அதில் வெட்கம் கிடையாது. வெட்கமெல்லாம் மறுப்பவனுக்குத்தான். அப்படி மறுத்த ஒருவனைப் பற்றி அவன் பேரன் கல்யாணத்திலும் பேசுவார்கள். எனவே இசிகேலி கொடுத்தார். புல்வெட்டும் இயந்திரம், மீன் வலை, ஒரு ஜோடி நல்ல செருப்பு எல்லாம் ஒவ்வொன்றாக அந்த வீட்டு வாசலைத் தாண்டிப் போயின. அவர் புகழும் ஓங்கியது.

புகழ் ஓங்கிய வேகத்தில் மகள் லிதியாவின் படிப்பு தாழ்ந்தது. அவள் வீட்டிலிருந்தபடியே பல்கலைக்கழகப் பாடங்களைப் படித்து ஆசிரியையாக வேண்டும் என்று இருப்பவள். கட்டுரைகளையெல்லாம் கணினி வழியாகத்தான் அனுப்ப வேண்டும். முதலில் வாங்கிய மடிக்கணினியை அவள் தாய்மாமன் சாக்கியுசா கேட்டான். கிராமத்துக் கூடத்தில் ரக்பி ஆட்டம் காட்டுவதற்காம். அங்கே அது யங்கோனா என்கிற வேர்ப்பானத் தொட்டிக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டு, ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் தானும் நன்றாகக் குடித்து, உயிரை விட்டது. அடுத்து வாங்கிய தட்டைக் கணினியை இசிகேலியின் அண்ணன் விலிக்கேசா சர்ச் வேலைக்கென்று கொண்டுபோனார். அதில் இப்போது அவருடைய பேரக்குழந்தைகள் பழம் வெட்டி விளையாடுகிறார்கள். போன பருவத்தில் லிதியா இரண்டு பாடங்களில் தவறினாள்.

“இந்தத் தடவை ஒண்ணு தவறினாலும் உதவித்தொகை நின்னுடும்பா,” என்றாள். “அப்புறம் அம்மா கூடவே நானும் நாடிக்குப் பஸ் ஏறிடுவேன். ஹோட்டல்ல படுக்கை விரிக்க யாரும் கட்டுரை கேக்கமாட்டாங்க.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. பஸ் நேரம் விசாரிக்கிற குரலில் சொன்னாள். அதுதான் இசிகேலிக்குச் சோற்றில் கல்லாகக் கடித்தது. மனைவி வசிதி ஹோட்டல் சலவை அறையில் வெந்து போய்த் திரும்பும் முகத்தை அவர் தினமும் பார்க்கிறவர். அதே முகத்தை மகளின் கழுத்துக்கு மேலும் பார்க்க அவருக்குத் தெம்பில்லை.

ஆகவே எடைமேடையில் உட்கார்ந்து நெடுநேரம் யோசித்து, ராணுவத் தளபதிக்கு உரிய ஒரு திட்டம் தீட்டினார். இல்லை என்று சொல்லத் தெரியாதவன், யாரும் கேட்காத பொருளாகப் பார்த்து வாங்க வேண்டும். மடியில் வைப்பது, கையில் பிடிப்பது எதுவும் ஆகாது. மேசைமேல் வைக்கும் பழைய பெட்டிக் கணினி. கனமாக இருக்க வேண்டும். பார்த்தவன் முகம் சுளிக்க வேண்டும். உள்ளே மட்டும் நல்ல சரக்காக இருக்க வேண்டும்.

சந்தைக்குப் பின்னால் பழைய கணினிகள் விற்கும் முனியப்பக் கவுண்டர் அவருக்குப் பள்ளித் தோழர். ஆஸ்திரேலிய அலுவலகங்கள் கழித்துக்கட்டுகிற கணினிகள் கப்பலேறி அவர் கடைக்கு வந்து சேரும்.

“வா இசி! இந்த மாசம் என்ன தானம் பண்ணப் போறே? போன தடவை வாங்கினது எந்த மச்சான் வீட்டுல இருக்கு?”

“கிண்டல் அப்புறம் பண்ணு. ஐ5, ஆறாம் தலைமுறைக்குக் கீழ வேண்டாமாம். எட்டு ஜிபி மெமரி. சுத்துற ஹார்ட் டிஸ்க் வேண்டாம், எஸ்எஸ்டி வேணும். பொண்ணு சொல்லி அனுப்பியிருக்கு.”

கவுண்டர் முதலில் காட்டியது பக்கவாட்டில் கண்ணாடி வைத்து, உள்ளே நீல விளக்கு எரிகிற பெட்டி. இசிகேலி அதைப் பார்த்ததும் பின்வாங்கினார். “இதுக்கு எங்க ஊரே திரண்டு வந்துடும்.” அடுத்தது பைபிள் அளவே இருந்த சின்னப் பெட்டி. சத்தம் இல்லை, சூடு இல்லை, மின்சாரமும் குறைவாகத்தான் குடிக்கும்.

“இருக்கிறதுல நல்லது இதுதான்,” என்றார் கவுண்டர். “உனக்காகச் சொல்றேன்.”

“எவனாவது இடுப்புல கட்டின சுலு மடிப்புல செருகிட்டுப் போயிடுவான். வேற காட்டு.”

கவுண்டர் பெருமூச்சு விட்டு, கதவு சாத்தாமல் இருக்க முட்டுக் கொடுத்திருந்த ஒரு பெட்டியைக் காலால் தள்ளினார். பிரிஸ்பேனில் ஏதோ காப்பீட்டு அலுவலகத்தில் உழைத்து ஓய்வு பெற்றது. பாதி கிழிந்த ஒட்டுச்சீட்டுகள், ஒரு பக்கம் நசுங்கல், முன்பலகை முழுக்க யாரோ காபி சிந்திய கறை. பக்கத் தகட்டைக் கழற்றினால் உள்ளே பல்லி முட்டை இரண்டு. ஆனால் பலகையில் துரு இல்லை. உப்புக்காற்றில் வருஷக்கணக்காக இருந்த உள்ளூர்ப் பெட்டி என்றால் பச்சை பூத்திருக்கும். மின்தேக்கிகளில் ஒன்றுகூட உப்பவில்லை. இசிகேலி குனிந்து, முகர்ந்து, கருகிய வாடை இல்லை என்பதை உறுதி செய்துகொண்டார்.

“மெமரி எட்டு இருக்கு. டிஸ்க்கை மாத்தி எஸ்எஸ்டி போட்டுத் தரேன்,” என்ற கவுண்டர் ஈரத்துணியை எடுத்தார். “இரு, துடைச்சுத் தரேன்.”

“துடைக்காதே!”

கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“கறை அப்படியே இருக்கட்டும்,” என்றார் இசிகேலி தாழ்ந்த குரலில். “ஏன் முனியப்பா, இந்த நசுங்கல் இருக்கே, அதே மாதிரி அந்தப் பக்கமும் ஒண்ணு போட முடியுமா?”

கவுண்டர் துணியைக் கீழே வைத்தார். “முப்பது வருஷ வியாபாரத்துல நல்லதா கொடுன்னு கேட்டவனைத்தான் பாத்திருக்கேன். உனக்கு நசுக்குறதுக்குத் தனிக் கூலி.”

திரையும் அதற்கேற்ற ஜோடியாக அமைந்தது. சதுரம், ஓரத்தில் மேலிருந்து கீழே ஒரு பச்சைக் கோடு. ஐந்தாறு உர மூட்டைகளுக்கு நடுவே வேனில் உட்கார்ந்து அது வீடு வந்தது. கணினியை இயக்கியதும் மின்விசிறி, ஆலையின் கொதிகலன் தன் குட்டியை வீட்டுக்கு அனுப்பியதுபோல் இரைந்தது. லிதியா காதைப் பொத்தினாள். பிறகு தட்டச்சுப் பலகையில் கை வைத்தாள். அன்று சாயங்காலம் அவள் சாப்பிடக் கூப்பிட்டும் எழவில்லை. இசிகேலி அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டே மரவள்ளிக்கிழங்கைத் தேங்காய்ப்பாலில் தோய்த்துத் தின்றார். உலகத்திலேயே புத்திசாலியான எடைமேடைக்காரன் தான்தான் என்று தோன்றியது.

சனிக்கிழமை சாக்கியுசா வந்தான். மனைவியின் அண்ணன், கிராமத்துக்காரன், கையில் யங்கோனா வேர்க்கட்டு. அண்ணன் முன்னால் நின்று பேசுவது வழக்கமில்லை என்பதால் வசிதி அடுப்படிக்குப் போய்விட்டாள். மச்சான்கள் இருவரும் பாயில் உட்கார்ந்தார்கள். மச்சானை மச்சான் கேலி செய்யாவிட்டால் அந்த ஊரில் உறவு கெட்டுப்போனதாகப் பொருள். சாக்கியுசா உறவை நன்றாகப் பேணுபவன்.

“மச்சான், அது என்ன மூலையில? கோழி அடைக்கிற கூண்டா?”

“கணினி மச்சான்.”

“உன் பல்லு நிறத்துல இருக்கே! அப்படியே அளவெடுத்து வாங்கினியா?”

இசிகேலி பணிவாகச் சிரித்தார். திட்டம் வேலை செய்கிறது.

“ரெண்டு பக்கமும் நசுங்கியிருக்கு. மாடு மிதிச்சதா?”

“என்ன பண்றது, நம்ம வசதி அவ்வளவுதான்.”

இத்தோடு நின்றிருந்தால் இந்த வரலாறு இங்கேயே சுபமாக முடிந்திருக்கும். ஆனால் சாக்கியுசா இரண்டாம் கிண்ணத்தைக் குடித்து வாயைத் துடைத்துக்கொண்டு, “பாவம் மச்சான் நீ. பொத்தானை அமுக்கினா இது முழிக்கிறதுக்குள்ள இந்த வருஷக் கரும்பு வெட்டே முடிஞ்சிடும். கவுண்டன் உன் தலையில நல்லா மிளகாய் அரைச்சிட்டான்,” என்றான்.

பல்லைச் சொன்னதைப் பொறுத்தவர் இதைப் பொறுக்கவில்லை. தான் முகர்ந்து பார்த்து வாங்கிய பெட்டி. “மச்சான், நீ அடுத்த கிண்ணத்தை எடு,” என்றார். எழுந்து போய்ப் பொத்தானை அமுக்கினார். சாக்கியுசா கிண்ணத்தை வாய்க்குக் கொண்டு போவதற்குள் திரை பளிச்சென்று விழித்துவிட்டது. “எஸ்எஸ்டி! எட்டு ஜிபி! உள்ளே பாத்தியா, துளி துரு கிடையாது. இன்னும் பத்து வருஷம் உழைக்கும்! இந்த விலைக்கு லௌடோக்கா முழுக்கத் தேடினாலும் கிடைக்காது!”

சொல்லி முடித்தபின்தான் அவருக்குத் தாம் என்ன செய்தோம் என்பது உறைத்தது.

சாக்கியுசா கிண்ணத்தைக் கீழே வைத்தான். கேலிச் சிரிப்பு போய் முகத்தில் மரியாதை வந்திருந்தது. அது நல்ல அறிகுறியல்ல. தொண்டையைச் செருமினான். கைகளைக் குவித்து மெல்லத் தட்டினான். “மச்சான், கெரேகெரே. எங்க ஊர் ரக்பி சங்கத்துக்கு...”

அறை வாசலில் லிதியா நின்றிருந்தாள். அப்பாவின் வாயையே பார்த்தாள். அந்த வாய் திறந்தது. அதற்குப் பழக்கமான ஒரே பாதையில் போனது.

“எடுத்துக்கோ மச்சான்.”

சாக்கியுசா கணினியைத் தூக்கித் தான் வந்த வேனின் பின்தட்டில் வைத்து, கயிறு கட்டினான். இசிகேலி கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக் கொடுத்தார். அவ்வளவு நல்ல மனிதர். அப்போது லிதியா இறங்கி வந்து பெட்டியின்மேல் கை வைத்தாள்.

“மாமா, இது இப்ப உங்களுதுதானே?”

“ஆமா கண்ணு. உங்கப்பா தங்கமான மனுஷன்.”

“உங்களுதுன்னா நான் எடுத்துக்கறேன். நான் உங்க தங்கச்சி மக.”

தாய்மாமன் பொருளைச் சகோதரி பிள்ளை கேட்காமலே எடுக்கலாம் என்பதும் அதே ஊரின் வழக்கம்தான். மறுக்கும் மாமனுக்குக் கெரேகெரே மறுத்தவனைவிட இரட்டிப்பு அவமானம். ஆனால் அந்த உரிமையை ஒரு கோழிக்கு, ஒரு பாய்க்குப் பயன்படுத்துவார்கள். அதுவும் சிரித்துக்கொண்டே. லிதியா சிரிக்கவில்லை. சாக்கியுசாவின் காது மடல் சிவந்தது. பிறகு உரக்கச் சிரித்து, தானே பெட்டியை இறக்கிக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். “படிச்ச பொண்ணு மச்சான்,” என்றான் போகும்போது. அதில் பாராட்டு எவ்வளவு, காயம் எவ்வளவு என்பதை எடைமேடைக்காரராலும் நிறுக்க முடியவில்லை. அடுப்படியில் வசிதி பாத்திரங்களைத் தேவைக்கு மேல் சத்தமாகக் கழுவினாள்.

“பெரியப்பா வந்தா எனக்கு இந்த உரிமை கிடையாதுப்பா,” என்றாள் லிதியா. “அவரும் எனக்கு அப்பா மாதிரி. அப்ப நீங்கதான் பேசணும்.”

“அவர் ஏன் வரப்போறார்!”

மறுநாளே வந்தார். பிரார்த்தனை முடிந்த கையோடு, வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டையுமாக. வழியெல்லாம் வீட்டுக்கு வீடு ஜன்னலிலிருந்து “மை கனா!” என்று கூவியிருப்பார்கள். வா, சாப்பிடு என்பது அந்தத் தெருவில் நடந்து போகிற எவருக்கும் கிடைக்கும் வரவேற்பு. விலிக்கேசா எங்கும் நிற்காமல் நேரே தம்பி வீட்டுக்கு வந்து நாற்காலியில் அமர்ந்தார். இசிகேலி கீழே பாயில் அமர்ந்தார். வசிதி தேநீர் வைத்தாள்.

“நல்ல பெட்டி ஒண்ணு வந்திருக்காமே. சாக்கியுசா சொன்னான். சர்ச் வட்டாரக் கூட்டத்துக்கு வேணும்டா. ஒரு வாரம்தான். பையனை அனுப்பறேன், கொடுத்து விடு.”

அது கேள்வி அல்ல. அண்ணன்மார் கேள்வி கேட்பதில்லை.

லிதியாவின் கட்டுரை புதன்கிழமைக்குள் போக வேண்டும். அறைக்குள் கணினி இரைந்துகொண்டிருந்தது. வீட்டில் எல்லோரும் அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பிறகு அது நின்றது. இசிகேலி எட்டிப் பார்த்தார். மகள் மேசைக்கடியில் குனிந்து, மின்கம்பியைப் பிடுங்கி, முழங்கையில் சுற்றிக்கொண்டிருந்தாள். அழவில்லை, முறைக்கவில்லை. கேட்டவர் எடுத்துப் போக வசதியாக அழகாகச் சுற்றினாள்.

“இல்லைண்ணா,” என்றார் இசிகேலி.

“என்னது?”

ஒருமுறை சொல்லவே உயிர் போய் உயிர் வந்திருந்தது. இரண்டாம் முறையும் சொல்ல வேண்டி வந்தது. “இல்லைண்ணா. கொடுக்க முடியாது. பாப்பா படிக்குது.” பாயில் கொஞ்சம் முன்னால் நகர்ந்தார். “நான் வேணும்னா கூட்டத்துக்கு வந்து நாற்காலி தூக்கிப் போடறேன். சமைக்கறேன். என்ன வேலைன்னாலும் சொல்லுங்க...”

விலிக்கேசா ஒரு வாய்கூடக் குடிக்காத தேநீரைத் தரையில் வைத்தார். எழுந்தார். “நம்ம அப்பா இருந்தா இதைக் கேட்டிருக்கணும்,” என்று மட்டும் சொன்னார். வாசலில் செருப்பைப் போட அவருக்கு வெகுநேரம் பிடித்தது. தம்பி கூப்பிடுவான் என்று காத்திருந்தாரோ என்னவோ. தம்பி பாயைவிட்டு எழுந்திருக்கவில்லை.

புதன்கிழமை கட்டுரை போய்ச் சேர்ந்தது. அடுத்ததும் போனது. கரியும் சாம்பலும் ஆலையிலிருந்து பறந்து வந்து மின்விசிறியில் படிய, இரைச்சல் இன்னும் கூடியது. லிதியா பழைய பல்துலக்கியால் அதைச் சுத்தம் செய்கிறாள். கறையை மட்டும் துடைப்பதில்லை, அப்பாவின் உத்தரவு.

ஆலை மதிய இடைவேளையில் இசிகேலி இப்போது சாலையைச் சுற்றிக்கொண்டு, அண்ணன் வீட்டு வழியாக நடக்கிறார். ஒருமுறை மீன் வாங்கிப் போனார். அண்ணி மீனை வாங்கிக்கொண்டாள், நன்றி சொன்னாள், கதவருகிலேயே நின்றாள். ஜன்னல் திறந்துதான் இருக்கிறது. உள்ளே தட்டுகள் மோதுகிற சத்தம் கேட்கும், வேகவைத்த சேப்பங்கிழங்கின் மணம் வரும். அந்த இடத்தில் இசிகேலியின் நடை மெதுவாகும். முன்னால் போகிற தபால்காரருக்கு “மை கனா!” என்று உள்ளிருந்து குரல் வருகிறது. பின்னால் வருகிற ஐஸ்காரனுக்கும் வருகிறது.

நடுவில் போகிறவருக்கு மட்டும் இன்னும் வரவில்லை.