மாடிச் செடிக்கு ஊற்றிய தண்ணீர்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். பெற்ற அப்பாவிடமும் அது நீளும் என்பது இந்தக் கோடையில்தான் எனக்கே தெரிந்தது.

நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் எங்கள் பனியன் கம்பெனியை ஒட்டியே வீடு. அயர்ன் போடும் இடத்தில் வெயில் காலத்தில் நின்றால் ஆள் வெந்துவிடும். மேலே செடி பரப்பினால் சூடு குறையும், சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் வந்தால் காட்டவும் ஆகும் என்று மொட்டை மாடி முழுக்கச் சதைப்பற்றுச் செடிகள் வைத்தோம். மண் நாலு விரல்கடைதான். தடித்த இலையிலேயே தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் செடி. "காஞ்சா இலை சுருங்கிச் செவக்கும், பயந்துறாதீங்க. மண்ணு நல்லாக் காஞ்சப்புறம் ஊத்துனாப் போதும். சும்மா சும்மா ஊத்துனா வேர் அழுகிப் போகும்" என்றார் நர்சரிக்காரர். லாரித் தண்ணீரை நம்பி, குளிக்க ஆளுக்கு ஒரு வாளி என்று ஓட்டுகிற எங்களுக்கு வேறென்ன வேண்டும்! இதை வாட்ச்மேனிடம் சொன்னேன், கூட்டிப் பெருக்கும் அக்காவிடம் சொன்னேன். அப்பாவிடம் சொல்லத் தோன்றவே இல்லை.

அப்பா தாராபுரம் பக்கம் விவசாயி. கிணறு வற்றி, காட்டில் வைத்திருந்த தென்னையெல்லாம் காய்ந்து, அம்மாவும் போன பிறகு நான்தான் பிடிவாதமாக அழைத்து வந்தேன். மகள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட அவருக்குக் கூச்சம். இரண்டாவது தோசைக்கே "போதுஞ் சாமி" என்று தட்டை மூடிக்கொள்வார்.

பையர் வருகிற வாரம் மாடியேறிப் பார்த்தால் பாதிச் செடி கூழாகிக் கிடக்கிறது. தொட்டால் கையோடு வருகிறது. பக்கத்தில் வாளியோடு அப்பா.

"வாடிப் போச்சு கண்ணு. பாத்துட்டுச் சும்மா இருக்க மனசு வரல."

"உங்கள யாருப்பா ஊத்தச் சொன்னா? லாரித் தண்ணி எப்படி வருதுன்னு தெரியுமா? காட்டக் காயப் போட்டது பத்தாதா, இங்கயுமா வந்து?"

கீழே டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். அப்பா வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

சாயங்காலம் கூட்டிப் பெருக்கும் அக்கா தயங்கித் தயங்கி வந்தார். "தப்பா நெனைக்காதீங்கக்கா. அப்பா கம்பெனித் தண்ணியத் தொடலீங்க. அவரு குளிக்க வெச்ச ஒரு வாளித் தண்ணியத்தான் குளிக்காம மேல கொண்டுபோவாருங்க. துண்ட நனைச்சு ஒடம்பத் தொடச்சுக்குவாருங்க."

பாவி நான், என்ன வேலை செய்துவிட்டேன்! காட்டைக் காயவிட்டவர் என்று, காடு காய்ந்து நின்றபோது அழுத மனிதரைப் பார்த்துச் சொல்லியிருக்கிறேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன். "தெரியாமப் பேசிட்டனுங்கப்பா."

"உடு கண்ணு, எனக்குத்தான் வெவரம் பத்தல" என்று சிரித்தார். அதோடு முடிந்தது என்று நம்பினேன்.

மறுநாள் காலை காப்பி ஆற்றிக்கொண்டிருந்தேன். அப்பா குளியலறை வாசலில் நின்று, என் கணவரிடம் மெதுவாகக் கேட்டார்.

"ஏனுங்க மாப்ள, இன்னைக்கு நான் குளிச்சுக்கலாமுங்களா?"

"என்னங்க மாமா, இதையெல்லாமா கேக்கறது?" என்று அவர் பதறிப்போனார். அப்பா நகரவில்லை. குளிக்கலாம் என்று யாராவது வாய்விட்டுச் சொல்லட்டும் என்று அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.