பதிமூவாயிரம் அடியில் வேகாத சோறு

தேவநாதனுக்கு இமயமலை பிடிக்கவில்லை. இரண்டு முறை போனார். இரண்டு முறையும் ஒரே ஏரிக்கு.

"ஏரியாம் ஏரி. மதகு இல்ல, கலங்கல் இல்ல, ஒரு காணிக்குத் தண்ணி பாயாது. அதப் பாக்க மூணு நாளு ரயிலு, ரெண்டு நாளு நடை" என்பார். திண்டிவனத்துக் கிடங்கல் ஏரியோடு ஒப்பிட்டால் அது அவருக்கு ஒரு குட்டை. அதைப் பார்த்ததும் கண்ணீர் விட்டவர்களை அவர் மனிதர்களில் சேர்க்கவில்லை.

அவர் கல்யாணச் சமையல்காரர். ஐந்நூறு பேர் பந்தியில் சோறு குழைந்தது என்றோ, அரிசியாய் நின்றது என்றோ ஒருவர் சொன்னதில்லை. மற்ற சமையல்காரர்களை அவர் மதித்ததும் இல்லை. குக்கர் வைப்பவர்களைச் சமையல்காரர் என்றே சொல்லமாட்டார். "விசிலடிச்சிக் கூப்புட சோறு இன்னா நாயா?"

1993ஆம் ஆண்டு தை மாதம் அவருடைய மனைவி பவானி இறந்தார். மஞ்சள் காமாலை. மகள் அம்பிகாவுக்கு அப்போது பதினோரு வயது.

அந்த ஆவணியில் கிருஷ்ணசாமி வந்தார். தாலுகா ஆபீசில் ஓய்வு பெற்று, வருஷா வருஷம் வடக்கே யாத்திரை கூட்டிப்போகிறவர். இந்த முறை இமாசலத்தில் ஒரு சிவன் ஏரி, பதிமூவாயிரம் அடி உயரம். முப்பத்தெட்டுப் பேர். ஏரியில் முழுகி, கரையிலேயே சோறாக்கி, சாமிக்குப் படைத்து, அதைச் சாப்பிட்டு விரதம் முடிப்பதாக வேண்டுதல். ரொட்டி ஆகாது. வெளியார் கைச் சோறு ஆகாது.

"வருஷம் திரும்பலீங்களே. மலை ஏறக்கூடாதே" என்றார் தேவநாதன்.

"நீ இன்னா சாமி கும்புடவா வர்ற? சோறாக்க வர்ற. சமையக்காரனுக்கு ஏதுய்யா தீட்டு?"

போனார்கள். கோவேறு கழுதைகளின் முதுகில் அண்டாவும் அரிசியும் மண்ணெண்ணெயும். மேலே போகப்போக யாத்திரைக்காரர்கள் பத்தடிக்கு ஒருமுறை உட்கார்ந்தார்கள். கற்பூரத்தைத் துணியில் முடிந்து மோந்துகொண்டார்கள். கற்பூரம் மூக்கைத் திறக்கும், காற்றில் இல்லாததைக் கொண்டுவராது. அது யாருக்கும் தெரியவில்லை. தேவநாதன் கரண்டியை ஊன்றிக்கொண்டு ஏறினார். முதல் முகாமில் சோறு வேகக் கொஞ்சம் அதிக நேரம் பிடித்தது. அரிசி பழசு என்று நினைத்துக்கொண்டார்.

ஏரிக்கரையில் காலை ஏழு மணிக்கு உலை கொதித்தது. பத்துக் கிலோ அரிசியைப் போட்டார். அரை மணி. ஒரு மணி. நசுக்கிப் பார்த்தால் மேலே கஞ்சி, உள்ளே கல். தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டே இருந்தது. இரண்டு மணி நேரத்தில் மண்ணெண்ணெய் தீர்ந்தது. நூறடி தள்ளி ஓர் இலவசச் சாப்பாட்டுக் கூடாரத்தில் பானையளவு குக்கர்கள் சீறிக்கொண்டிருந்தன. அவர் அந்தப் பக்கம் திரும்பி இளக்காரமாகச் சிரித்ததோடு சரி.

முப்பத்தெட்டுப் பேரும் ஈரத்துணியோடு நடுங்கிக்கொண்டு அண்டாவைச் சுற்றி நின்றார்கள். கிருஷ்ணசாமி ஒரு பருக்கையைக் கடித்துத் துப்பினார்.

"சாமி ஏத்துக்கல" என்றார். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி, "தேவநாதா, உன் பொண்டாட்டி செத்து வருஷம் திரும்பிச்சா?"

"உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"நீ சொல்லியிருக்கணும்யா!"

அவ்வளவுதான். ஓர் அம்மாள் அழுதாள். ஒருவர் அண்டாவைக் காலால் தள்ளினார். விரதத்தை அவலில் முடித்தார்கள்.

திண்டிவனம் திரும்புவதற்குள் செய்தி முந்திக்கொண்டது. தீட்டோடு மலை ஏறிச் சாமி சோற்றைக் கெடுத்தவன். அதற்குப் பிறகு ஒரு கல்யாணத்துக்கும் அவரைக் கூப்பிடவில்லை. கருமாதிக்குக் கூப்பிட்டார்கள். பதின்மூன்று வருஷம், திண்டிவனத்திலிருந்து கண்டாச்சிபுரம் வரை, கருமாதிச் சோறு. அதைவிட அவரை அரித்தது வேறு. ஊர் வாயில் பவானி ஒரு பெண்ணாக இல்லை. சோற்றைக் கெடுத்த சாவாக இருந்தாள்.

அம்பிகா பாலிடெக்னிக் முடித்து ஓர் ஆலையில் பாய்லர் பிரிவில் சேர்ந்தாள். 2006இல் ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள்.

"ப்பா, அங்க தண்ணி எம்பத்தாறு டிகிரியிலயே கொதிச்சிடும். மேல போனா காத்தோட அழுத்தம் கொறையும். அரிசி வேக அந்தச் சூடு பத்தாது."

"கொதிச்சா கொதிச்சதுதான்."

"கொதிக்கும். வேகாது. மூடி போட்டு அழுத்தம் ஏத்தணும். குக்கர் வெச்சிருந்தா வெந்திருக்கும்."

தேவநாதன் கையைக் கழுவவில்லை. கை காயும்வரை உட்கார்ந்திருந்தார்.

"அப்ப உங்கம்மா ஒண்ணும் பண்ல."

"யாரும் ஒண்ணும் பண்லப்பா."

அந்த ஆவணியில் இருவரும் பணம் கட்டி, கிருஷ்ணசாமியின் யாத்திரையிலேயே போனார்கள். கிருஷ்ணசாமி முகம் சுளித்தார், பணத்தை வாங்கிக்கொண்டார். தேவநாதனுக்கு அப்போது அறுபது வயது. அம்பிகாவின் பையில் ஐந்து லிட்டர் குக்கர், ஒரு பாத்திரம், இரண்டு ஸ்டவ், ஒரு தெர்மாமீட்டர். ஏற்றத்தில் அவர் நான்கு முறை உட்கார்ந்தார். கற்பூரம் நீட்டியவரை முறைத்தார்.

ஏரிக்கரையில் இரண்டு அடுப்பைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒரே அரிசி. ஒரே தண்ணீர். ஒன்றில் குக்கர், ஒன்றில் திறந்த பாத்திரம். தெர்மாமீட்டர் எண்பத்தாறரை காட்டியது. கூட்டம் கூடியது. குக்கர் விசில் அடித்தபோது அவர் முகத்தில் அருவருப்பு மாறவே இல்லை.

திறந்தார். மல்லிகைப் பூவாகச் சோறு. திறந்த பாத்திரத்திலிருந்து ஒரு கரண்டி எடுத்துக் கிருஷ்ணசாமியின் கையில் வைத்தார்.

"கடிங்க."

கடித்தார். நறுக்கென்றது.

"ரெண்டும் நான் வெச்சதுதான். இதுல மட்டும் யாரு ஊட்டுத் தீட்டு?"

கிருஷ்ணசாமி கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். வெந்த சோற்றை எல்லாரும் ஆளுக்கொரு வாய் வாங்கித் தின்றார்கள். தின்றுகொண்டே ஒருவர், குக்கர் சோறு படையலுக்கு ஆகுமா என்று கேட்டார்.

ஊருக்கு வந்ததும் கிருஷ்ணசாமி வேறு கதை சொன்னார். பதின்மூன்று வருஷத்தில் தீட்டுக் கழிந்துவிட்டது, தேவநாதன் கைச்சோற்றைச் சாமி மன்னித்து ஏற்றுக்கொண்டது என்று. ஊர் அதை நம்பியது. அழுத்தமும் டிகிரியும் யாருக்கு வேண்டும்? கல்யாண வீடுகள் தேடி வந்தன.

"தீட்டுக் கழிஞ்சிதுன்னு கூப்புடறாங்க. போவாதப்பா" என்றாள் அம்பிகா.

"போறேன். ஆனா சும்மா போமாட்டேன்."

அதன்பின் எந்தக் கல்யாணத்திலும் வீட்டுக்காரர் வந்து நிற்காமல் அவர் அடுப்பு மூட்டியதில்லை. "பவானி சாவுக்கும் அந்தச் சோத்துக்கும் சம்பந்தம் இல்லன்னு சொல்லுங்க" என்பார். சிலர் சிரித்துக்கொண்டு சொன்னார்கள். சிலர் கோபமாகச் சொன்னார்கள். சொன்ன பிறகுதான் தீக்குச்சி. ஆறேழு வருஷம் இப்படி நடந்தது. சொன்னவர்களில் பாதிப் பேர் அதை நம்பவில்லை என்பதும் அவருக்குத் தெரியும். நம்புவதற்கு மூளை வேண்டும், சொல்வதற்கு வாய் போதும் என்பார்.

2013 தையில் கிருஷ்ணசாமியே வந்தார், பேரன் கல்யாணத்துக்கு. தேவநாதனுக்கு அப்போதே நுரையீரல் போய்விட்டது. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு வாரம் ஒருமுறை. பேச்சுக்கு நடுவில் மூச்சு வாங்கும்.

"உங்களுக்குத் தெரியுமில்ல, முதல்ல இன்னா சொல்லணும்னு" என்றார்.

கிருஷ்ணசாமி தரையைப் பார்த்துக்கொண்டு முணுமுணுத்தார்.

"காதுல உழல."

மறுபடி சொன்னார்.

"பேரு சொல்லி."

"பவானி சாவுக்கும்... அந்தச் சோத்துக்கும்... சம்பந்தம் இல்லப்பா. போதுமா?"

"போதும்" என்றார் தேவநாதன். "கல்யாணத்துக்கு வேற ஆளப் பாத்துக்கோங்க."

கிருஷ்ணசாமி போனபிறகு அவர் நெடுநேரம் இருமினார். அம்பிகா தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் வாங்கிக் குடித்தார். பங்குனியில் இறந்தார்.