கணினி என்னைக் குடிகாரன் ஆக்கியது

ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டு, திருப்பூர், பெங்களூர் என்று மூட்டை தூக்கித் திரிந்தவன் நான். பிறந்தது ஆந்திராவில் புத்தலப்பட்டுப் பக்கம் என்றாலும் தெலுங்கு அரைகுறைதான். முதுகுவலிக்குத் தினமும் மாத்திரை போடுவேன். வயிறு எரியவே, சித்தூர்ப் பக்கம் ஓர் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

"மந்து அலவாட்டு உந்தா?" என்று தெலுங்கில் கேட்டார், நோயாளிகளைக் கணினியில் பதிவு செய்தவர்.

மருந்துப் பழக்கத்தைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "தினமும் ரெண்டு" என்றேன்.

பிறகு ஒருநாள் ரத்த வாந்தி எடுத்தேன். திருப்பதியில் பல்கலைக்கழக ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்தார்கள். என் சுகாதாரக் கார்டு எண்ணைத் தட்டியதும் சித்தூரில் பதிந்ததெல்லாம் அங்கே கணினியில் வந்துவிட்டது.

"முதல்ல குடியை விடுங்க" என்று தமிழிலேயே சொன்னார் டாக்டர்.

என் மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது. "இவுரு மாத்திரைதான் சார் துன்னுக்கினு கெடக்கறாரு. சாராயக்கட பக்கம்கூட போனதில்ல!"

டாக்டர் மாத்திரையை வாங்கிப் பார்த்தார். வயிற்றைப் புண்ணாக்கியது அதுதான் என்றார். தெலுங்கில் மருந்தைப் போலவே மதுவையும் மந்து என்பார்களாம்; நான் சொன்ன "தினமும் ரெண்டு" குடிப்பழக்கமாகப் பதிவாகியிருந்தது. அவள் பேசாதிருந்தால் மறுநாளும் அந்த மாத்திரையையே விழுங்கியிருப்பேன்.

"கம்ப்யூட்டருக்கே ஊத்திக் குடுத்துட்டியேய்யா" என்று இன்றும் சிரிக்கிறாள். இப்போதெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போனால் மாத்திரையை மேஜைமேல் வைத்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன். பதிந்ததைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்ட பிறகே எழுந்திருக்கிறேன்.