நர்சம்மாவைத் தேடிப் போனது

என் கையெழுத்து கோழி கிளறியது போலிருக்கும். ஐந்தாவதோடு நின்றவன். பிழைகளைப் பொறுத்துப் படிக்கவும்.

எங்கள் ஊர் ஆண்டிமடத்துக்குப் பக்கம். அந்தச் சித்திரையில் மூத்த பையனுக்கு அம்மை வார்த்திருந்தது. வாசலில் வேப்பிலை செருகியிருந்தோம். அதைப் பார்த்தால் யாரும் உள்ளே வரமாட்டார்கள்; நாங்களும் யார் வீட்டுக்கும் போகக் கூடாது. அந்த நேரம் பார்த்து என் மனைவிக்கு வலி கண்டுவிட்டது. காலையில் மாமியார் வெளியே வந்து, "கால்தான் முன்னால வருது. எனக்குக் கை ஓடல. நர்சம்மாவக் கூட்டியாங்க" என்றார்.

ஓடினேன். சுகாதார நிலையம் பூட்டியிருந்தது. தடுப்பூசி நாள் என்பதால் கைக்குழந்தைகளோடு பெண்கள் வாசலில் காத்திருந்தார்கள். என் இடுப்பில் வேப்பங்கொத்து இருந்தது. அம்மை வீட்டிலிருந்து வெளியே போகிறவர் அப்படிச் செருகிக்கொள்வது எங்கள் ஊர் வழக்கம். அதைக் கண்டதும் பிள்ளைகளை முந்தானையால் மூடிக்கொண்டு ஒதுங்கினார்கள். நான் ரோட்டுக்கு அந்தப் பக்கமே நின்றேன்.

எனக்கு வேண்டியதைத் தவிர எல்லாம் சொன்னார்கள். வீட்டில் தாளிக்காதே என்றார் ஒருவர். இளநீர் கொடு, மூன்றாம் தண்ணீர் ஊற்றும்வரை வெளியூர் போகாதே என்றார் இன்னொருவர். அம்மை கண்ட வீட்டிலிருந்து ஊசி போடும் இடத்துக்கு வரலாமா என்று ஒருத்தி அதட்டினாள். பெண்கள் கூட்டத்தில் பிரசவப் பேச்சை எடுக்க எனக்கு நாக்கு எழவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். நேரம் போய்க்கொண்டிருந்தது.

மச்சினி முறை ஆகும் ஒருத்தி மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் மாமா, நீயே வேப்ப மரமா ஆயிட்டியா? ஆடிக்கிட்டே நிக்கிற. என்னன்னு சொல்லு."

"அவளுக்கு வலி. கால் முன்னால வருதாம்" என்றேன்.

உடனே எல்லோரும் ஒன்றாகப் பேசினார்கள். நர்சம்மா முதல் பஸ்ஸில் வந்து முந்திரிக்காட்டுத் தெருவில் இறங்கியதை ஒருத்தி பார்த்திருந்தாள். அங்கே எந்த வீட்டுக்குப் போயிருப்பார் என்பது இன்னொருத்திக்குத் தெரிந்தது. டீக்கடையில் நின்ற சைக்கிள்காரரிடம் மச்சினி கத்திச் சொன்னாள், அவர் மிதித்தார். என்னை வீட்டுக்கு விரட்டினார்கள்.

கேரியரிலிருந்து இறங்கிய நர்சம்மா வேப்பிலையைப் பார்த்துக் கொஞ்சம் நின்றார். "எனக்குச் சின்னதுலயே வார்த்தாச்சு" என்று, யாரும் கேட்காமலே சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வெகுநேரம் சத்தமே இல்லை. மனைவியின் முனகலும் நின்றுவிட்டது. பக்கத்தில் வர முடியாதவர்கள் தெருக்கோடியில் நின்றார்கள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் குழந்தை அழுதது.

நர்சம்மா வாசலுக்கு வந்து, கோடியில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி, "பொம்பளப் புள்ள. ரெண்டு பேரும் நல்லாருக்காங்க" என்றார். நான் வாய் திறக்குமுன் சேதி ஊருக்குள் ஓடிவிட்டது.

எழுதியது: 1988, ஐப்பசி 9.